பார்டன் மேடத்துக்கு வந்த அழைப்பு

எங்கள் பல்கலைக்கழகத்தில் லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு மாடி ஏறினால் மொழிக்கூடம். அதற்குப் பக்கத்து அறை என்னுடையது. நான் புள்ளியியல் நடத்துகிறவன். இரண்டு அறைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான் என்பதால் அங்கே யார் தும்மினாலும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி அந்தப் பலகை வழியாக வந்து சேர்ந்தது.

மொழிக்கூடத்து ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் பார்டன் மேடம். பள்ளியில் அத்தனை வருடம் ஆங்கிலம் படித்து, கட்டுரையெல்லாம் எழுதி, எதிரில் ஒருவர் வந்து பேசினால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற பிள்ளைகள்தான் அவரிடம் வருவார்கள். முதல் நாள் அவர் சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு சொல். புரியவில்லை என்றால் 'பார்டன்?' என்று கேள்.

"புரியாததுக்குத் தலையாட்டுறவன்தான் மாட்டிக்குவான். கேக்குறதுல என்ன வெக்கம்?" என்பார்.

அதோடு ஒரு விதியும் உண்டு. யாராவது இரண்டாம் முறை பார்டன் கேட்டால் அதே வாக்கியத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கக் கூடாது. வேறு மாதிரி சொல்ல வேண்டும். அவர் அதற்காகவே வேண்டுமென்று இரண்டு தடவை பார்டன் கேட்பார். மாணவன் திணறுவான். பெயர் அப்படி நிலைத்தது.

அவருடைய வகுப்பு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பேருந்து நிலைய இரைச்சல், மழை, சிமென்ட் கலக்கும் இயந்திரம் என்று எதையாவது ஒலிபெருக்கியில் ஓடவிட்டு அதற்கு நடுவில்தான் பிள்ளைகளைப் பேசவும் கேட்கவும் வைப்பார். தெளிவான ஆங்கிலம் பரீட்சையில் மட்டும்தான் வரும், உலகத்தில் வராது என்பது அவர் கட்சி. இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டு, ஆளுக்கொரு தொலைபேசியைக் கொடுத்து, ஒருவரை டாக்டராகவும் இன்னொருவரை நோயாளியாகவும் நடிக்க வைப்பார். சுற்றிலும் தடுப்பு வைத்த கேபின்களில் ஹெட்ஃபோன் மாட்டி உட்காரவைத்து, அவர்கள் பேசுவதைப் பதிவும் செய்வார். பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்துக்கொள்ளச் சொல்வார். எண்களைக் கேட்டு எழுதுவதற்குத் தனிப் பயிற்சி உண்டு. ஃபிஃப்டீன் என்றால் பின்பாதியை அழுத்து, ஃபிஃப்டி என்றால் முன்பாதியை அழுத்து. தொலைபேசி எண் என்றால் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்காமல் ஒவ்வொரு இலக்கமாகச் சொல். இந்தப் பயிற்சிக்கு அவர் கொடுப்பது தன் சொந்தக் கைபேசி எண்ணை. அதனால் அவரிடம் படித்த அத்தனை பேருக்கும் அந்த எண் மனப்பாடம். புதிய வகுப்பு தொடங்கும் மாதத்தில் அவர் வீட்டில் நிம்மதி இருக்காது.

"மேடம், நம்பர் சரியா எழுதினேனான்னு பாக்கத்தான் அடிச்சேன்" என்று எவனாவது கூப்பிடுவான்.

அவர் கணவர், குடிநீர் வாரியத்தில் மோட்டார் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், தலையில் அடித்துக்கொள்வார். "உலகத்துல எந்த வாத்தியாரும் இப்படிச் சொந்த நம்பரைப் பாடமா நடத்த மாட்டாங்கம்மா."

ஒரு வருடம் அவரிடம் வந்து சேர்ந்தவன் மியூட். வணிகவியல் மாணவன். அப்பா இல்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை, நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவார். பையன் வகுப்பில் வாயே திறக்காததால் சக மாணவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள், அவனும் அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டான். கேட்டால் எல்லாம் புரியும். இரைச்சலுக்கு நடுவில் மற்றவர்கள் விட்ட சொற்களைக்கூட எழுதிவிடுவான். யாராவது முகத்தைப் பார்த்துவிட்டால் போச்சு. உதடு அசையும், சத்தம் வராது.

அவனை முதுகோடு முதுகு உட்காரவைத்ததும் கதை மாறியது. எதிரில் முகம் இல்லை என்றதும் ஒரு மூச்சு இழுத்தான், பேசினான். நான் பலகைக்கு இந்தப் பக்கம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அவ்வளவு நிதானமான குரல். தொலைபேசியில் அறை முன்பதிவு செய்தான், தொலைந்த பெட்டியைப் பற்றிப் புகார் கொடுத்தான், கோபக்கார வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தினான். படிப்பு முடியும்போது மியூட் மாதிரி தொலைபேசியில் பேச எங்கள் வளாகத்தில் ஆள் இல்லை.

வெளிநாட்டில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையம் அவனுக்குத் தொலைபேசியிலேயே நேர்காணல் வைத்தது. மொழிக்கூடத்திலிருந்துதான் பேசினான். மேடம் பக்கத்தில் நின்றார். எதிர்முனைப் பெண் அவன் உச்சரிப்பைப் பாராட்டினாள். கடைசியில், எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். மேடம் பழக்கியபடி, "இல்லை, மிக்க நன்றி" என்று பணிவாகச் சொன்னான்.

கிளம்புவதற்கு முன்னால் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தான். அந்த அம்மாள் மேடம் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"பெத்தது நான், பேச வெச்சது நீங்க. எம் புள்ளைக்கு வாய் இருக்குன்னே எனக்கு இப்பத்தான் தெரியுது."

"அவன்கிட்ட இருந்ததுதாம்மா. நான் மூடியைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்" என்றார் மேடம்.

அடுத்த வகுப்புகளுக்கெல்லாம் மியூட்தான் உதாரணம். கடைசி கேபினைக் காட்டி, "அங்க உக்காந்திருந்தவன் இன்னைக்கு எங்க இருக்கான் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். எங்கே இருக்கிறான் என்று அவருக்கும் தெரியாது. அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

சில மாதம் கழித்து அவன் அம்மா மூன்று மாடியும் படியிலேயே ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். பையன் முதலில் வாராவாரம் பேசினானாம். அப்புறம் பேச்சு சுருங்கிவிட்டதாம்.

"நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வேலை இருக்குங்குறான். எழுதி வெச்சதைப் படிக்கிற மாதிரி இருக்கு. போன மாசத்துலேருந்து அதுவும் இல்ல. அவன் நம்பரு போகவே மாட்டேங்குது."

"புது வேலைம்மா. ஷிஃப்ட் மாத்தியிருப்பாங்க" என்று மேடம் சமாதானம் சொல்லி அனுப்பினார்.

ஒரு விடுமுறை நாள், மதியம். மேடத்தின் கணவர் கூடத்தில் மேசை விசிறியைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மேடம் கைபேசிக்கு, முன்பின் பார்த்திராத நீளமான ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தார். ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு ஓர் ஆணின் குரல், ஆங்கிலத்தில்.

அந்தப் பேச்சு முழுக்க ஆங்கிலம். மேடம் எனக்குச் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

"வணக்கம். வங்கி அட்டைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன். அட்டை உரிமையாளரிடம்தான் பேசுகிறேனா?"

வங்கி, அட்டை என்று சொல்லி ஆளை ஏமாற்றுகிற அழைப்புகளைப் பற்றி மேடத்துக்குத் தெரியும். வைத்துவிடத்தான் போனார். ஆனால் அந்த மூச்சும் அந்த நிதானமும் அவருடைய கேபினில் வளர்ந்தவை.

"டேய், நீயா?" என்றார் தமிழில்.

"பார்டன்?"

"எங்கடா இருக்க? உங்கம்மா இங்க..."

"பார்டன், மேடம்?"

இரண்டாவது பார்டன். வேறு மாதிரி சொல் என்று பொருள். அவன் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள். தமிழ் கூடாது. அவனைத் தெரிந்ததாகவே காட்டக் கூடாது. மேடமும் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினார்.

"மன்னியுங்கள், வீட்டில் வேறு ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அட்டை என்னுடையதுதான். எனக்கு வயதாகிவிட்டது, மெதுவாகச் சொல்லுங்கள்."

"நன்றி, மேடம். உங்கள் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. தயவுசெய்து இணைப்பைத் துண்டிக்காதீர்கள்."

"நான் உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்துவிடட்டுமா?"

"முடியாது, மேடம். இங்கே வெளியாட்களுக்கு அனுமதி இல்லை." ஒரு மூச்சு. "உள்ளே இருப்பவர்களும் இருக்கையை விட்டு எழுந்து போக முடியாது."

"உங்களைப் போல அங்கே நிறையப் பேரா?"

"மிகப் பெரிய குழு, மேடம்."

அவன் குரலுக்குப் பின்னால் அந்தக் குழு கேட்டது. ஏகப்பட்ட வாய்கள் ஒரே நேரத்தில் விதவிதமான ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன. ஜெனரேட்டர் ஓடியது. எங்கோ நாய்கள் குரைத்தன.

"என் அட்டை பத்திரமாக இருக்கிறதா?" என்று கேட்டார் மேடம். குரல் உடையாமல் கேட்டதாகத்தான் நினைக்கிறார்.

"இன்றைக்குப் பத்திரமாக இருக்கிறது. நாளைக்கு என்னால் உறுதி தர முடியாது. புகார் எண் தருகிறேன், எழுதிக்கொள்கிறீர்களா?"

விசிறி வந்த அட்டைப்பெட்டிதான் கைக்கு எட்டியது. கணவர் காதில் செருகியிருந்த பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். அவன் வகுப்பில் சொல்வதைப் போலவே ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னான். பாதி வரும்போது வேறொருவன் அவனுக்கு மிக அருகில் ஏதோ கத்தினான். மியூட் வேகத்தைக் கூட்டினான். கடைசி இரண்டு இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்லாமல் சேர்த்துச் சொல்லிவிட்டான். ஃபிஃப்டீன் என்றோ ஃபிஃப்டி என்றோ.

"பார்டன்?" என்றார் மேடம்.

இணைப்பு போய்விட்டது.

அழைப்பு வந்த எண்ணுக்குத் திரும்ப அடித்தார். அப்படி ஓர் எண்ணே இல்லை என்று பதில் வந்தது. கணவர் ஒன்றும் புரியாமல் விசிறி இறக்கையைக் கையில் வைத்தபடி, "யாரும்மா?" என்றார். பெட்டியில் எழுதியிருந்த எண்ணின் வாலில் 'டீன்' என்றும் 'டி' என்றும் போட்டு இரண்டையும் சுழித்துவைத்திருந்தார்.

அன்றைக்கே இரண்டு பேரும் சைபர் குற்றப் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி பொறுமையான மனிதர். இப்படிப் படித்த பிள்ளைகளை வேலை என்று கூட்டிப்போய், சுற்றிலும் வேலி போட்ட கட்டடத்தில் அடைத்து, நாள் பூராவும் ஊர் உலகத்தை ஏமாற்றப் பேசவைக்கிற கூட்டங்கள் இருக்கின்றன என்றார். நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்களாகத்தான் பொறுக்குகிறார்களாம். அதைக் கேட்டபோது மேடம் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார் என்று அவர் கணவர் சொன்னார்.

"இது புகார் எண் இல்ல மேடம், டெலிபோன் நம்பர். ஆரம்ப இலக்கத்தைப் பாத்தா எந்த நாடுன்னு தெரியுது. கடைசி ரெண்டு என்ன? பதினஞ்சா, அம்பதா?"

"சத்தமா இருந்துச்சு சார்."

"ரெக்கார்டு பண்ணலையா?"

ஆயிரக்கணக்கான குரல்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறவர் அவர். இந்த ஒரு குரலைப் பதிவு செய்யத் தோன்றவில்லை.

"ரெண்டையும் தூதரகத்துக்கு அனுப்புறோம். ஆனா முதல்ல எதைப் பாக்கச் சொல்லட்டும்? இங்கிலீஷ் காது உங்களோடதுதானே, நீங்கதான் சொல்லணும்."

மேடம் கண்ணை மூடி யோசித்தார். அழுத்தம் பின்பாதியில் விழுந்தது போலிருந்தது. "ஃபிஃப்டீன்" என்றார்.

அது வேறொரு நகரத்தில் ஒரு தையல்கடை எண். அந்தக் கடைக்காரனை விசாரித்து, அவனுக்கும் இதற்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்து, இரண்டாவது எண்ணுக்கு வருவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. இரண்டாவது எண் தண்ணீர் லாரிக்காரன் ஒருவனுடையது. அவன் தினமும் தண்ணீர் இறக்குகிற இடங்களில் ஒன்று, கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு வர்ணம் பூசிய கட்டடம். அந்த நாட்டுக் காவல்துறை உள்ளே போனபோது பாதி அறைகள் காலி. மீதி அறைகளில் இருந்தவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். அதில் எங்கள் மொழி பேசுகிறவர்களும் இருந்தார்கள். மியூட் இல்லை.

திரும்பி வந்த பெண் ஒருத்தி மேடத்தைத் தேடி வந்து பார்த்தாள். வர்ணம் உரிந்த ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்தால், வெளியே எழுத்தென்று இருந்தது அந்த லாரி மேல் எழுதியிருந்த டெலிபோன் எண் மட்டும்தானாம். முதலில் வீட்டுக்குப் பேச விட்டவர்கள் பிறகு எந்தச் சொந்த மொழியிலும் பேசக் கூடாது என்றார்களாம், காவலுக்கு நிற்பவனுக்குப் புரிவது ஆங்கிலம் மட்டும் என்பதால்.

"அவரை நல்ல குரல்னு சொல்லுவாங்க. சோதனைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நல்லா பேசுறவங்களை மட்டும் பொறுக்கி ராத்திரியோட ராத்திரியா வேற இடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. எங்கேன்னு எங்க யாருக்கும் தெரியாது மேடம்" என்றாள்.

அன்று மாலை வகுப்பு முடிந்த பிறகும் மொழிக்கூடத்தில் சத்தம் கேட்டது. தேர்ட்டீன், தேர்ட்டி. ஃபோர்ட்டீன், ஃபோர்ட்டி. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். காலி கேபின்களுக்கு நடுவில் ஹெட்ஃபோன்கூட மாட்டாமல் நின்றிருந்தார்.

"அவன் பயத்துல ரெண்டு பாதியையும் ஒரே மாதிரி அழுத்தியிருக்கான் சார். நான் எனக்குப் பழக்கப்பட்டதைக் கேட்டுக்கிட்டேன்" என்றார்.

சுவிட்சை அணைத்துவிட்டு அவரைக் கீழே கூட்டிவந்தேன்.

அதற்குப் பிறகு அந்த எண் பாடத்தை அவர் எடுப்பதில்லை, உதவி ஆசிரியரிடம் விட்டுவிட்டார். வேறு சிலதையும் மாற்றினார். நேர்காணல் பயிற்சியில் இப்போது முதல் கேள்வி கேட்பது மாணவன். கட்டடம் எங்கே, என் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், ஏற்கெனவே வேலை பார்க்கிறவரிடம் நான் பேசலாமா என்று கேட்கப் பழக்குகிறார். போன வருடம் இரண்டு பெண்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டதும் எதிர்முனை பட்டென்று வைத்துவிட்டது.

ஆனால் ஒன்றை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. பேசுவதற்கு முன் மூச்சு இழுக்கிற பழக்கம் மாணவர்களிடம் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொண்டு போகிறது. கேபின்களில் பிள்ளைகள் தொலைபேசியை எடுக்கும்போது அறை முழுக்க அந்தச் சத்தம். மேடம் முதுகைத் திருப்பி நிற்கும்போது கேட்டால் சட்டென்று திரும்புவார். கடைசி கேபின் பக்கம் பார்ப்பார். அங்கே யாரோ ஒரு பெண் உட்கார்ந்து ரயில் டிக்கெட் கேட்டுக்கொண்டிருப்பாள்.

தெரியாத எண் எதுவானாலும் எடுக்கிறார். ஏமாற்றுக்காரன் என்று தெரிந்தும் கடைசிவரை கேட்கிறார். "நீங்கள் எழுந்து வெளியே போக முடியுமா?" என்று நடுவில் கேட்பார். பெரும்பாலும் வசவுதான் கிடைக்கும். ஒரு தடவை மறுமுனையில் ஒரு பெண் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிட்டாளாம். அன்று முழுக்க மேடம் சாப்பிடவில்லை.

மியூட்டின் அம்மாவிடம் எல்லாவற்றையும் மேடமே போய்ச் சொன்னார். தான் தவறாகக் கேட்டதையும் மறைக்கவில்லை. சலவைப் பிரிவில், நீராவிக்கு நடுவில், விரிப்பை மடித்தபடியே அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். மேடம் திட்டுக்கு ஆயத்தமாக நின்றார். அந்த அம்மாள் கேட்டது வேறு.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"நிதானமா இருந்துச்சும்மா."

"எனக்கு அவன் குரலைக் கேக்கணும் போல இருக்கு."

மொழிக்கூடத்தில் அவனுடைய பழைய பயிற்சிப் பதிவுகள் இருந்தன. மறுநாள் அந்த அம்மாளைக் கேபினில் உட்காரவைத்து மேடம் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார். நானும் போய் நின்றேன். மகன் குரல் வந்ததும் அந்த அம்மாள் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார், நழுவிவிடும் என்பது போல.

"என்ன சொல்றான்?"

"ஹோட்டல்ல ரூம் கேக்குறான். ஜன்னல் இருக்கிற ரூமா வேணுமாம்."

"இப்ப?"

"பெட்டி தொலைஞ்சுபோச்சுங்குறான்."

"கெடைச்சுதா?"

"கெடைச்சிருச்சும்மா."

பதிவு முடிந்த பிறகும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. அப்படியே உட்கார்ந்து கேட்டார். "அங்க நம்ம பேச்சு பேசக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுன்னீங்களே. எனக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தா என்கிட்டயே பேசியிருப்பான், இல்ல?"

மேடம் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க. மறுபடி அடிச்சா நான் எடுக்கணும்ல?"

இப்போது அவர் வேலை முடிந்து, கையில் கஞ்சி வாசனையோடு மாலை வகுப்புக்கு வருகிறார். மாணவர்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். முதுகோடு முதுகு நாற்காலியில் அவருக்கு ஜோடியாக உட்கார அவர்களுக்குள் போட்டி. எழுத்துக்கூட்டிப் படிக்க வராது, ஆனால் காது கூர்மை. உன்னால் பேச முடியுமா, ஜன்னலில் என்ன தெரிகிறது, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லு. இவ்வளவும் இப்போது ஆங்கிலத்தில் கேட்பார். மழைச் சத்தத்துக்கு நடுவில் பதிலையும் பிடித்துவிடுவார்.

மியூட்டைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. அதிகாரி மாதாமாதம், "பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்கிறார்.

போன வாரம் பலகைக்கு அந்தப் பக்கம் இந்தப் பேச்சு கேட்டது.

"சாப்பிட்டியான்னு கேக்கறதுக்கு என்ன மேடம்?"

மேடம் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே மேடம். யாரோ யாரையோ கேக்குற மாதிரி இருக்கு."

"அது அப்படித்தாம்மா. நீங்க சொல்லும்போது அவனுக்குத் தெரியும்."

பிறகு மேடம் இரைச்சலைக் கூட்டி வைத்தார். அந்த அம்மாள் சத்தமாக, முதுகுக்குப் பின்னால் இருந்த மாணவனுக்குக் கேட்கும்படி, அதே வாக்கியத்தை மறுபடியும் சொன்னார்.